உங்கள் பெயரைத் தேடினால் என்ன கிடைக்கும்?

கலந்துரையாடல் என்றாலே ஒரு கேள்வி தவறாமல் எழும். "என் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன். முகநூலில் என்னை நானே புகழ்ந்துகொள்ள வேண்டுமா?" நியாயமான கேள்விதான். என் பதில்: புகழ வேண்டாம், காட்டினால் போதும்.

ஒவ்வொரு மனிதரும் ஒரு 'பிராண்ட்' என்ற கருத்தை அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997-இல் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதிப் பரப்பினார். 2003-இல் லிங்க்ட்இன் தளம் வந்தது. இன்று வேலைக்கு ஆள் எடுப்பவர் மட்டுமல்ல, வீட்டுக்கு வயரிங் செய்ய ஆள் தேடுபவரும் இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார். எதுவும் கிடைக்காவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுகிறார். திறமைசாலி கைவிடப்படுவது இப்படித்தான்.

முதலில், பெயரைச் சரிசெய்யுங்கள். நமக்கு இது தனிச் சிக்கல். சாந்தி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் பல விதமாக எழுதலாம். முகநூலில் ஒரு எழுத்துக்கூட்டல், லிங்க்ட்இன்னில் வேறொன்று, இன்ஸ்டகிராமில் செல்லப்பெயர் என்றிருந்தால், தேடுபவர் கண்ணுக்கு நீங்கள் மூன்று பேர். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே எங்கும் பயன்படுத்துங்கள்.

அடுத்து, வேலையைக் காட்டுங்கள். கிள்ளானில் ஒரு வயர்மேன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "தரமான சேவை, நியாயமான விலை" என்று அவர் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மாறாக, மழை பெய்தால் வீட்டில் மின்சாரம் ஏன் 'ட்ரிப்' ஆகிறது என்று அவர் விளக்கட்டும். வெளிச்சுவரில் உள்ள பிளக்கில் நீர் இறங்கி மின்கசிவு ஏற்படுகிறது. அதை உணர்ந்த பாதுகாப்புக் கருவி இணைப்பைத் துண்டிக்கிறது. நனைந்த பிளக்கின் படம் ஒன்று, இந்த விளக்கம் நான்கு வரி, எரிசக்தி ஆணையம் வழங்கிய தகுதிச் சான்றிதழ் பற்றி ஒரு வரி. இவ்வளவு போதும். படித்தவர், தம் வீட்டில் மின்சாரம் போகும் நாளில் இவரை நினைப்பார். ஆனால் வாடிக்கையாளர் வீட்டைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். வீட்டு எண் தெரியக்கூடாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் முதலாளியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

தினமும் எழுதத் தேவையில்லை. வாரம் ஒரு பதிவு, ஒரே துறையைப் பற்றி, விடாமல் வந்தால் போதும். குறை சொல்லி யாராவது எழுதினால் உடனே அழிக்காதீர்கள். பணிவாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலைத்தான் மற்றவர்கள் கூர்ந்து படிப்பார்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு இளையோர் ஒரு காலத்தில் ஃப்ரெண்ட்ஸ்டர் தளத்தில் குடியிருந்தார்கள். 2009-இல் மலேசிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது, பயனர்களின் பழைய படங்களும் எழுத்துகளும் நீக்கப்பட்டன. முன்கூட்டியே பிரதி எடுக்காதவர்கள் அவற்றை இழந்தார்கள். ஆகவே உங்கள் படங்களுக்கும் எழுத்துக்கும் கணினியில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

இன்றிரவு உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். நாளை வேலை தர நினைப்பவர் பார்க்கப்போவதும் அதைத்தான்.