ரேபிஸ் வைரஸின் மேலுறைப் புரதம்: கடிபட்டோர் அறிய வேண்டியவை

"நாய் கடித்த காயம் ஆறிவிட்டதே, இன்னும் ஊசி எதற்கு?" என எம்மிடம் வருவோர் பலர் வினவுகின்றனர். விடை, கண்ணுக்குப் புலப்படாத ஒரு புரதத்தில் உள்ளது.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டின் வடிவுடையது. அதன் மேற்பரப்பெங்கும் 'ஜி' எனப்படும் சர்க்கரைப் புரதம் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. நரம்பணுக்களைப் பற்றி உள்நுழைய வைரஸுக்கு இதுவே திறவுகோல். நோயின் கடுமையும் பெரிதும் இதனையே சார்ந்துள்ளது. இப்புரதத்தின் 333ஆம் இடத்திலுள்ள அர்ஜினின் என்னும் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியபோது, ஆய்வக வைரஸ் வகைகள் பல, வளர்ந்த எலிகளைக் கொல்லும் ஆற்றலை இழந்தன.

கொடிய வைரஸ் இப்புரதத்தைக் குறைவாகவே உருவாக்குகிறது. அதனால் உடலின் எதிர்ப்பாற்றல் விழிப்பதில்லை, நரம்பணுவும் சிதைவதில்லை. வைரஸ் ஓசையின்றி மூளையை அடைகிறது. வலுக்குன்றிய வகைகளோ புரதத்தை மிகுதியாக உருவாக்கி, எதிர்ப்பாற்றலிடம் அகப்பட்டுக்கொள்கின்றன.

காயம் ஆறிய பின்னும் ஆபத்து நீங்காதிருப்பது இதனாலேயே. அறிகுறிகள் தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. தடுப்பூசியோ, இதே புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளை உடலில் உருவாக்கி, வைரஸ் மூளையை அடையுமுன் அதனை முடக்குகிறது.

ஆகவே, கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதனையும் இடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் கசிந்த காயமாயின் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். காயம் ஆறினாலும், குறித்த நாள்களில் எல்லாத் தவணை ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.