மேடையில் கைகொடுக்கும் 'பி' கீ

பொழிச்சலூரில் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசப் பத்து ஸ்லைடுகளோடு போனேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள்! பாமினி ஃபாண்ட் அதில் இல்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இப்போது யூனிகோடில்தான் டைப் செய்கிறேன்.

பவர்பாயிண்ட்டில் 'ஸ்லைடு ஷோ' சென்று 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' கிளிக் செய்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று தெரியும். முடிவில் நேரத்தைச் சேமிக்கவா என்று கேட்டால் 'நோ' கொடுங்கள். இல்லாவிட்டால் மேடையில் ஸ்லைடுகள் தானாக ஓடிவிடும்.

பக்கத்திலேயே விமான நிலையம். விமானச் சத்தத்தில் பேச்சை நிறுத்த நேர்ந்தால் 'பி' கீயைத் தட்டுவேன். திரை கறுப்பாகும். மீண்டும் தட்டினால் அதே ஸ்லைடு வரும்.