பொதுக் கொள்கை: பட்டப் படிப்பிற்கு உகந்த ஒரு துணைப்பாடம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவருங் காலத்திலே நம் பெற்றோரும் மாணாக்கரும் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றேயாகும். மருத்துவமா, பொறியியலா, அன்றேல் வேறு யாது கிடைக்கும் என்பதே அவ்வினா. முதன்மைப் பாடத்தைக் குறித்து இத்துணைக் கவலை கொள்ளும் நாம், அதனோடு சேர்த்துக் கற்கத்தக்க துணைப்பாடத்தைக் குறித்துச் சிந்திப்பது அரிது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே, சிறப்பாக அமெரிக்காவிலே, இளங்கலை மாணவர் துணைப்பாடமாகக் கற்கும் துறைகளுள் ஒன்று பொதுக் கொள்கை. அத்துறை யாது, அதனைக் கற்பதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக விளக்க முயல்வாம்.

கொள்கை என்பது யாது?

'கொள்' என்னும் அடியாகப் பிறந்த சொல் கொள்கை. ஒருவர் உறுதியாகக் கொண்டிருப்பது அவருடைய கொள்கை. ஓர் அரசு ஒரு பொதுப் பிரச்சினையைக் குறித்து, இன்னது செய்வோம், இன்னது செய்யோம் என உறுதிகொண்டு, அதற்கென விதியும் பணமும் ஆளும் ஒதுக்குமாயின் அது பொதுக் கொள்கையாம். அறிந்தே வாளாவிருத்தலும் ஒரு கொள்கையே என்பர் இத்துறை வல்லார்.

நாம் அனைவரும் அனுபவித்த ஒன்றையே சான்றாகக் கொள்வோம். கல்வி அமைச்சராய் விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் ஏற்பாடு 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வொரு முடிவினால் ஆசிரியர் எத்துணைப் பேர் வேண்டும், திறைசேரி எவ்வளவு ஈதல் வேண்டும், எம்மொழியில் கற்பித்தல் வேண்டும் என்னும் வினாக்கள் தொடர்ந்து எழுந்தன. முடிவினையும் அதன்பின் நிகழும் இவையனைத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே பொதுக் கொள்கைக் கல்வி.

துறை வளர்ந்த வரலாறு

ஆளுந் திறத்தை ஆராய்தல் பழமையானது. எனினும் இதனைத் தனித்துறையாக வகுக்க முற்பட்டவர் இருபதாம் நூற்றாண்டின் அறிஞரே. ஹரல்ட் லாஸ்வெல், டானியல் லேர்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1951 இல் 'கொள்கை விஞ்ஞானங்கள்' என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டனர். பொருளியல், அரசறிவியல், சமூகவியல், உளவியல் என்னும் பல துறை அறிவும் ஒரு பிரச்சினையைச் சுற்றி ஒன்றுகூடல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

இக்காரணம் பற்றியே இது துணைப்பாடமாதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. நாடு முழுவதும் நோய் தீர்க்கும் திட்டத்தை வகுப்பவருக்கு மருத்துவ அறிவும் வேண்டும், பணக் கணக்கும் வேண்டும், மக்கள் மனப்பாங்கும் தெரிதல் வேண்டும். முதன்மைப் பாடம் ஆழத்தைத் தர, துணைப்பாடம் அகலத்தைத் தருகின்றது. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு பாடநெறிகளில் இது அமையும். கொள்கை ஆக்கம் பற்றிய அறிமுகம், பொருளியல், புள்ளிவிபரவியல், அரச நிறுவனங்களின் அமைப்பு, அறநெறி ஆகியன அவற்றுள் இடம்பெறும். மாணவர் தாம் விரும்பிய கல்வி, சுகாதாரம், சுற்றாடல் முதலியவற்றுள் ஒன்றைத் தெரிந்து கற்பதும் உண்டு.

இக்கல்வி கற்பிக்கும் வினாக்களுள் மூன்றை நம் நாட்டு வரலாற்றினின்றே எடுத்துக் காட்டுவாம்.

முதலாவது வினா: வெற்றி நிலைக்குமா?

நோய் இன்னதென்றறிந்து, அதன் காரணத்தைத் தேடி, தீர்க்கும் வழியைத் தெரிந்து செய்தல் வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் முறை. கொள்கை ஆக்கத்திற்கும் அதுவே முறை. ஆயினும், தீர்ந்த பின்னரும் கண்காணித்தல் வேண்டும் என்பதை மலேரியாவின் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. 1934-35 இல் பரவிய அந்நோய் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. 1940களின் நடுப்பகுதி தொட்டு வீடுதோறும் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேரிடமே நோய் காணப்பட்டது. வென்றுவிட்டோம் எனக் கருதித் தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69 இல் நோய் மீண்டும் எழுந்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. பின்னர்ப் பல்லாண்டு உழைத்த உழைப்பின் பயனாக, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. 17 என்னும் எண் முடிவைக் குறிக்கின்றதா, தற்காலிக அமைதியைக் குறிக்கின்றதா என்று வினவும் பயிற்சியே இப்பாடம் தரும் முதற்பயன்.

இரண்டாவது வினா: எவ்வளவு விரைவாக மாற்றுவது?

சாள்ஸ் லிண்ட்புளோம் என்னும் அறிஞர் 1959 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் புகழ் பெற்றது. அரசினர் எல்லாவற்றையும் முன்னரே அறிந்து முடிவு செய்தல் இயலாது. ஆதலின் இருக்கும் நிலையிலிருந்து சிறுசிறு அடியாக மாற்றி, பிழை கண்டவிடத்துத் திருத்திச் செல்வதே உலகியல் என்றார் அவர். இலங்கையில் 1962 முதல் உரத்துக்கு மானியம் வழங்கப்பட்டு வந்தது. உழவரும் அதற்கேற்பவே பயிர் செய்து பழகினர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடை செய்யப்பட்டது. மண்ணும் மக்களும் நலம் பெறுதல் என்னும் நோக்கத்தை எவரும் இகழார். ஆயின் சேதனப் பசளை போதிய அளவு ஆயத்தமாயில்லை. பரீட்சார்த்தமாகச் சில பிரதேசங்களில் முதலில் செய்து பார்க்கவுமில்லை. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. அப்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நன்னோக்கம் ஒன்றே நற்கொள்கை ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது வினா: யார் பெறுகின்றனர், யார் இழக்கின்றனர்?

இவ்வினா நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாண மாவட்டத்து விஞ்ஞான மாணவர் பலர், முன்னர்ப் போதுமாயிருந்த புள்ளிகளைப் பெற்றும் வாயிலில் நின்று திரும்பினர். அத்துயரம் இச்சமூகத்தை எவ்வாறு உருமாற்றிற்று என்பதை யாவரும் அறிவர். ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. இக்காலத்தில், கலைத்துறை நீங்கலாகப் பெரும்பான்மையான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டக் குடிசன விகிதப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகுக்கப்படுகின்றது. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் மன்னாரும் முல்லைத்தீவும் வவுனியாவும் கிளிநொச்சியும் அடங்கும். ஆய்வுகூடமில்லாப் பள்ளியிற் பயின்ற முல்லைத்தீவு மாணவனுக்கு அந்த 5 வீதம் ஒரு வாழ்வாகும். ஒரே ஏற்பாடு ஓரிடத்தில் காயமாகவும் பிறிதோரிடத்தில் கைகொடுப்பதாகவும் இருத்தல் கூடும். இரு பக்கத்தையும் எண்ணோடும் காரணத்தோடும் எடைபோட வல்லவரே நியாயத்தைப் பிறர் ஏற்குமாறு எடுத்துரைக்க வல்லவராவர்.

நமக்கு இதனால் ஆவது யாது?

கொள்கைகளால் வருந்திய அனுபவம் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றை வாசித்து ஆராயும் பயிற்சியோ குறைவு. மேடையிலே முறையிடுவோர் பலர். வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, 'இப்பணம் இவ்விடத்துச் சேரவில்லை' என்று பக்கங்காட்டிக் கூறுவோர் சிலர். இக்குறை நீங்காதவரை நம் முறையீடுகள் காற்றிற் கலந்த ஒலியாகவே போம்.

இத்துணைப்பாடம் தனியே ஓர் உத்தியோகத்தைத் தந்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். மருத்துவம் கற்பவர் மருத்துவராகவே வருவர். ஆயினும் ஒரு நாள் மாவட்டத்துச் சுகாதாரத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அவரிடம் வருதல் கூடும். பொறியியலாளர் நீர்வழங்கல் திட்டத்துக்குத் தலைமை தாங்குவர். 1963 இல் அமைக்கப்பெற்ற இலங்கை நிருவாக சேவையின் போட்டிப் பரீட்சைக்கோ எத்துறைப் பட்டதாரியும் தோற்றலாம். இவர்கட்கெல்லாம் இவ்வறிவு கைவிளக்காகும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே அரசறிவியல், பொருளியல், பொது நிருவாகம் ஆகிய பாடங்களினுள் இதன் கூறுகள் கற்பிக்கப்படுகின்றன. வெளிநாடு செல்லும் மாணவர் இதனைத் தனித் துணைப்பாடமாகவே தெரிந்துகொள்ளலாம்.

பல்கலைக்கழகம் புகும்வரை காத்திருத்தலும் வேண்டுவதில்லை. நம் உயர்தர வகுப்பு மாணவர் மன்றம், தவணைக்கு ஒரு முறை ஒரு வர்த்தமானி அறிவித்தலையோ பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தையோ எடுத்து, மேற்கூறிய மூன்று வினாக்களையும் எழுப்பி விவாதிக்கலாம். அரச சேவையிலும் பிற துறைகளிலும் பழுத்த அனுபவம் பெற்ற பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். அவர்கள் ஒரு மாலைப் பொழுதை இம்மாணவர்க்கு ஈவாராயின், நூல்களிற் காணாத பாடம் அங்குக் கிடைக்கும். நம் கல்லூரி அன்னை ஈன்ற மைந்தர், வகுக்கப்பட்டதை ஏற்று வாழ்வோராய் மட்டும் நில்லாது, அறிந்து வினவுவோராகவும் அறத்தோடு வகுப்போராகவும் உயர்வாராக.