சத்தம் கூடியது, இழுவை எங்கே?

"அண்ணே, சவுண்டு செமயா வந்துருச்சு. ஆனா இழுவை குறைஞ்ச மாதிரி இருக்கே?" சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புல்லட்டுக்கு வேறு சைலன்சர் மாட்டிக்கொண்டு போனவர்கள், பிறகு தங்கள் மெக்கானிக்கிடம் வந்து சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. நாற்பதில் சீராகப் போகும்போது விட்டு விட்டு இழுக்கிறது. பெண்ட் பைப் நீலம் பூத்துவிடுகிறது. பழி புதுச் சைலன்சர் மேல் விழும். சரிசெய்ய வேண்டிய இடமோ வண்டியின் மறுபக்கத்தில், கார்புரேட்டருக்குள் இருக்கிறது.

2009 முதல் 2020 தொடக்கம் வரை வந்த 346 சிசி கிளாசிக் 350 புல்லட்டுகளை எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டரோடு வந்த இந்த வண்டிகள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் நல்ல இழுவை கிடைப்பது 12.5, 13 என்ற அளவில், அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்போது. காற்றால் குளிரும் இன்ஜினில் அந்தக் கூடுதல் பெட்ரோல் வெப்பத்தையும் தணிக்கிறது. புகை விதிகளுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், கம்பெனி செட்டிங்கே, முக்கியமாகக் குறைந்த த்ராட்டிலில், பெட்ரோலைக் கையிறுக்கமாகத்தான் தருகிறது. ஆகவே நாம் கை வைப்பது ஏற்கெனவே லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கும் வண்டியில்.

சைலன்சர் மாறியதும் காற்று அதிகம் போகிறது, அதனால் பெட்ரோல் போதவில்லை என்பார்கள். பாதிதான் சரி. காற்று வேகமாகப் போனால் கார்புரேட்டரின் தொண்டையில் உறிஞ்சலும் கூடும். அதற்கேற்ப ஜெட் எனும் சிறு துளையிலிருந்து பெட்ரோலும் கூடவே வரும். உண்மையில் மாறுவது புகை வெளியேறும் தாளம். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் குழாயில் ஒரு அழுத்த அலை ஓடுகிறது. குழாயின் நீளமும் உள் தடுப்புகளும் அது எந்த நேரத்தில் திரும்பி வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. சில ஆர்பிஎம்மில் அந்த அலை எரிந்த மிச்சத்தை வெளியே இழுத்துப் போட உதவும். வேறு சில ஆர்பிஎம்மில் புதுக் கலவையையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால்தான் ஒரே சைலன்சர் ஒரு வேகத்தில் நன்றாகவும் இன்னொரு வேகத்தில் மோசமாகவும் ஓடுகிறது. 'பேக் பிரஷர் இல்லாமல் வண்டி இழுக்காது' என்பது பழைய நம்பிக்கை. அடைப்பு இன்ஜினுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. புகை போகும் வேகமும் அலை திரும்பும் நேரமும்தான் கணக்கு.

சைலன்சரைவிடப் பெரிய மாற்றம் ஏர் ஃபில்டரில் இருக்கிறது. ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் தொண்டையில் உறிஞ்சல் குறைகிறது. காற்று கூடி, பெட்ரோல் குறைகிறது. சைலன்சர் மட்டும் மாற்றிய வண்டிக்கு ஜெட்டில் ஒரு படி போதும், சில சமயம் அதுவும் வேண்டாம். ஃபில்டரும் சேர்ந்து மாறினால் முழுச் செட்டிங்கையும் புதிதாகச் செய்ய வேண்டும். சாலை வண்டிக்கு டப்பாவைத் தொடாமல் விடுவதே நல்லது என்பேன். மழைத் தண்ணீரும் தூசியும் சிலிண்டருக்குள் போகாமல் காப்பது அந்த டப்பாதான்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒழுக்கு. பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் வெளிக்காற்று உள்ளே போகும்; எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கும். இந்தப் புல்லட்டில் பிஏவி என்ற அமைப்பும் உண்டு. புகையைக் குறைக்க எக்ஸாஸ்ட் வாய்க்கு வெளிக்காற்றை அனுப்புவது அதன் வேலை. திறந்த சைலன்சரோடு அதுவும் வெடிச்சத்தம் தரும். இது தெரியாமல், வெடிக்கிறதே என்று ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போய், மைலேஜை இழந்து, பிளக்கைக் கரியாக்கியவர்கள் பலர்.

ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகே கார்புரேட்டர். த்ராட்டில் மூடியதிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் மிக்ஸர் ஸ்க்ரூவும் பேசும். அங்கிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். இந்த எல்லைகள் கோடு போட்டாற்போல் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று படியும். எந்த வேகத்தில் குறை என்று கேட்பதைவிட, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கும்போது குறை என்று கேட்கும் மெக்கானிக்கை நம்பலாம். கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் பதில் தானே வரும்.

மிக்ஸர் ஸ்க்ரூவில் ஒரு குழப்பம் உண்டு. அது இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ. அங்கே உள்ளே திருப்பினால்தான் ரிச். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங் எங்கே உச்சத்துக்குப் போய்ச் சீராக நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும் திருப்தி இல்லையென்றால் பைலட் ஜெட் சிறியது. ஒரு சுற்றுக்குள்ளேயே நின்றால் அது பெரியது. சிவி வகை கார்புரேட்டர்கள் பலவற்றில் நீடிலில் கிளிப் மாற்றப் பள்ளம் இருக்காது. மெல்லிய வாஷர் ஒன்றை அடியில் கொடுத்து நீடிலை உயர்த்துவார்கள். நம் ஓட்டத்தில் பெரும்பகுதி கால் முதல் அரைத் த்ராட்டிலில் நடப்பதால், அந்த ஒரு வாஷர் தரும் சுகத்தைப் பெரிய மெயின் ஜெட் தராது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று எவருக்கும் தெரியாது.

மெயின் ஜெட்டுக்குப் பிளக் பார்க்கும் முறை பழையது: புதுப் பிளக் போட்டு, ஆளில்லாத நேர்ச்சாலையில் முழுத் த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே நொடியில் இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. வெள்ளை என்றால் லீன். கரிப்பொடி என்றால் ரிச். இளம்பழுப்பு நல்லது. இப்போதைய பெட்ரோலில் இந்த நிறம் தெளிவாக விழுவதில்லை. வசதி உள்ளவர்களுக்கு, பெண்ட் பைப்பில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சர் பொருத்திக் காற்று-பெட்ரோல் விகிதத்தைப் படிப்பதே நம்பகமான வழி. கூடுதல் சத்தத்தைக் கூடுதல் சக்தி என்று காது எடுத்துக்கொள்ளும். சென்சர் அப்படி ஏமாறாது.

பெட்ரோலைப் பற்றிச் சொன்னதால் எத்தனாலையும் சொல்ல வேண்டும். எத்தனாலுக்குத் தேவை ஒன்றுக்கு 9 பங்கு காற்றுதான். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 எரிபொருளுக்கு அந்த விகிதம் 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்த ஜெட், இ20-இல் 7, 8 சதவீதம் லீனாக ஓடும். சைலன்சரைத் தொடாத வண்டிக்கே இந்த நிலை. அதற்கு மேல் திறந்த சைலன்சரும் சேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் வெப்பத்தில் வதைபடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் கதை வேறு. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சர் சீரான ஓட்டத்தில் கலவையைத் தானே திருத்தும். த்ராட்டிலை முழுக்கத் திறக்கும்போது இசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி தன் மேப்பில் எழுதியதை மட்டும் பின்பற்றும். அங்கே ஜெட் கிடையாது, மேப்பைத்தான் திருத்த வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் போடும் சைலன்சர்களை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர்கள் பின்னால் வருபவர்கள். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குச் சத்த வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தத்துக்கும் புகைக்குமான விதிகளை மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சமவெளியில் சரியாகச் செட் செய்த கார்புரேட்டர் வண்டியோடு ஊட்டிக்குப் போனால், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். வண்டி ரிச்சாகி, பெட்ரோல் வாசம் அடித்து, இழுவை மந்தமாகும். இரண்டு நாள் பயணத்துக்காக அங்கே எவரிடமும் ஜெட்டை மாற்றக் கொடுக்காதீர்கள். அதே செட்டிங்கோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் வண்டி பழையபடி ஓடும்.