பின்கட்டு வரை வைஃபை: பிரிட்ஜ் கருவியை நாமே செட் பண்ணலாம்

நவம்பர் வந்தால் ஓய்வூதியதாரர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2021 முதல் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே இதை முடிக்க 'ஜீவன் பிரமாண்' வசதி இருக்கிறது. ஆனால் எங்க தாத்தாவின் அறை பின்கட்டில். அங்கே வைஃபை எட்டாது. செயலியில் வட்டம் சுற்றிக்கிட்டே இருக்கும். கடைசியில் அவரைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்குக் கூட்டி வருவோம்.

நம்ம ஊரில் இது பல வீட்டுக் கதை. வைசியாள் வீதி போன்ற தெருக்களில் வாசல் குறுகலாக இருக்கும், வீடு உள்ளே நீண்டுகொண்டே போகும்: திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனமான சுவர்கள். வெயிலைத் தடுக்கும் அதே சுவர் சிக்னலையும் தடுக்கிறது. இணைய மோடமோ வாசல் பக்கத்திலேயே இருக்கும்.

இதற்குத்தான் ஒயர்லெஸ் பிரிட்ஜ். மோடத்தின் வைஃபையை வாங்கி, அடுத்த பக்கம் கடத்திவிடும் சின்னக் கருவி. பழைய ரவுட்டரிலேயே 'பிரிட்ஜ்' அல்லது 'ரிப்பீட்டர்' மோடு இருந்தால் புதுசு வாங்க வேண்டாம். ஒன்று மட்டும்: சிக்னலே இல்லாத அறையில் அதை வைத்துப் பயனில்லை. முற்றத்து ஓரம், மழை படாத இடம், அதுவே சரி. சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் மேல்.

செட்டிங்ஸில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் போனில் வைஃபை விவரங்களைத் திறந்து, 'கேட்வே' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மோடத்தின் முகவரி, 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜும் கடையிலிருந்து அதே எண்ணோடு வரலாம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான்.

இப்போது போனை பிரிட்ஜின் வைஃபையில் இணைத்து, அட்டையில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பக்கம் திறக்கவில்லையா? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் தானாகவே டேட்டாவுக்குத் தாவியிருக்கும்.

மோடைத் தேர்ந்தெடுத்து, வீட்டு வைஃபை பெயரைத் தட்டி, அதே பாஸ்வேர்டைக் கொடுத்து, இணைந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகே முகவரியை மாற்றுங்கள். முதல் மூன்று பகுதியும் மோடத்தைப் போலவே இருக்கட்டும், கடைசி எண் மட்டும் வேறு: 192.168.1.250 மாதிரி. அந்த எண்ணை மோடம் வேறு யாருக்கும் தராத வரம்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, மோடத்தின் எண்ணேதான். சேமித்ததும் பக்கம் துண்டிக்கும். பயப்பட வேண்டாம், புது எண்ணில் மறுபடி திறக்கலாம்.

அடுத்தது டி.எச்.சி.பி. ஒவ்வொரு போனுக்கும் முகவரி வழங்கும் வேலை இது. ஆஸ்பத்திரியில் இரண்டு கவுண்டரிலும் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? அதனால் மோடத்தில் மட்டும் இருக்கட்டும், பிரிட்ஜில் அணைத்துவிடுங்கள். சில கருவிகள் மோடு மாறியதும் தாமாகவே அணைத்துவிடும்; இருந்தாலும் ஒருமுறை பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன். அன்று சாயங்காலம் அம்மா போனில் வைஃபை முழுசாகக் காட்டியது, மின் கட்டணம் மட்டும் கட்ட முடியவில்லை. இதழியல் படிச்ச என்னை நம்பினதுக்குக் கிடைத்த பலன் என்றார்.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ரீசெட் துளையில் ஊக்கால் பத்து விநாடி அழுத்துங்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதற்கு உரிமம் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிகள் 2018-லும் உரிமம் தேவையில்லாதவையாக அறிவிக்கப்பட்டன. சக்தி வரம்புக்கு உட்பட்ட கருவியாக இருந்தால் போதும். ஆனால் 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். உங்க இணைப்பில் வேறொருவர் தப்பு செய்தால், விசாரணை முதலில் வருவது உங்க வாசலுக்குத்தான்.

கரண்ட் போய் வந்தால் மோடம் முழுசாகத் தயாரான பிறகே பிரிட்ஜ் இணையும். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். தாத்தா இந்த முறை சாய்வு நாற்காலியை விட்டு எழவே இல்லை.