நிலைத்த பொருளாதாரம்: ஜே. சி. குமரப்பாவின் வாழ்வும் கருத்தும்

மதுரையிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் திருமங்கலத்தை அடுத்து தே. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம், ஆலங்குளம் ஆகிய வட்டாரங்களில் ஊழியஞ்செய்யும் போதகர்கள் இவ்வழியாகப் பன்முறை சென்று வந்திருப்பர். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, ஆங்கில ஆட்சியின் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்து, அதன் வரவு செலவுக்குள்ளேயே அதன் அநீதி எழுதப்பட்டிருப்பதை உலகிற்குக் காட்டிய பொருளியல் அறிஞர் அவர். பர்த்தின் இறையியலையும் புல்ட்மனின் விளக்கமுறையையும் தேர்வுக்காகக் கற்கும் நம் மாணவருள் எத்துணைப் பேர் இவர் நூல்களுள் ஒன்றையேனும் தொட்டிருப்பர் என்பது கேட்கத்தக்க கேள்வியாகும்.

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்னும் பெயருடன் அவர் 1892 ஜனவரி 4இல் தஞ்சாவூரிற் பிறந்தார். இலண்டனிற் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகச் செழிப்புடன் வாழ்ந்தார். உடையாலும் பழக்கத்தாலும் அவர் அக்காலத்து ஆங்கிலேயக் கனவானை ஒத்திருந்தார். 1927இல் அமெரிக்கா சென்று, முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பதுபற்றி அங்கு ஒரு திருச்சபையில் அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளிவர, அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற எளிய வினாவே ஆய்வின் உயிர்நாடி. ஏழை உழவனிடம் பெறப்பட்ட வரியின் பெரும்பங்கு படைக்கும் கடனுக்கும் உயர் அலுவலரின் ஊதியத்திற்கும் சென்றது. கல்விக்கும் சுகாதாரத்திற்கும் வேளாண்மைக்கும் எஞ்சியது சிறிதே. அரசியல் மேடையில் பிறர் முழங்கியதைத் தணிக்கையாளர் ஒருவர் எண்களைக் கொண்டு நிறுவினார்.

1929 மே 9இல் அவர் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அவ்வாய்வு 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்தது. அதே காலத்தில் கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துத் தம் முன்னோரின் பெயராகிய குமரப்பா என்பதை ஏற்றார். கிறிஸ்துவையோ திருச்சபையையோ அவர் விடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பெயரை மாற்றியவுடன் மதத்தை மாற்றிக்கொண்டார் போலும் என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர்.

பின்னர் குஜராத் வித்தியாபீட மாணவர்களுடன் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுக்காவில் ஊர் ஊராகச் சென்று மக்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். அந்த ஆய்வறிக்கை 1931இல் வெளிவந்தது. ஏட்டில் படித்த வறுமையை அவர் நேரிற் கண்டது அங்கேதான். 1934இல் பீகாரில் நிலநடுக்கம் நேர்ந்தபோது நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. துயருற்றோருக்கென மக்கள் கொடுத்த பணத்திலிருந்து காந்தியடிகளின் பரிவாரத்தின் உணவுச் செலவுக்குக்கூட ஒரு காசும் எடுக்கலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். காணிக்கைப் பணத்தைக் கையாளும் நம்மவர்க்கு இந்நிகழ்ச்சியை விளக்கிக் கூறவேண்டுவதில்லை.

திருச்சபையோடு அவர் கொண்ட வழக்கை நாம் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, அறவழியில் நின்றோர் தடியடிக்கு உள்ளாயினர். அமைதியின் நற்செய்தியைக் கூறவந்த மிஷனெரிமாரும் கிறிஸ்தவ ஊழியரும் இதனைக் கண்டு வாளாவிருத்தல் தகுமோ என்று குமரப்பா வெளிப்படையான வேண்டுகோள் விடுத்தார். இந்தியத் திருச்சபையின் பிரதமப் பேராயராகக் கல்கத்தாவில் வீற்றிருந்த பாஸ் வெஸ்ட்காட்டுக்கும் இவருக்கும் இதுபற்றிக் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்பது பேராயரின் நிலை. கிறிஸ்துவின் மலைப்பொழிவைக் கிறிஸ்தவர் அல்லாதார் கடைப்பிடிக்கையில், கிறிஸ்தவ ஆட்சி எனப்படுவது அவர்களை அடிப்பதை எதனால் நியாயப்படுத்துவது என்பது குமரப்பாவின் வாதம். பேராயர் கொடியவர் அல்லர். தம் மனச்சான்றின்படி பேசியவரே. ஆயினும் ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை மறந்துவிடும் வழக்கம் அவரோடு தொடங்கவுமில்லை, அவரோடு முடியவுமில்லை. 1931இல் 'யங் இந்தியா'வில் எழுதியமைக்காகக் குமரப்பா சிறைப்பட்டார். அதன்பின்னும் சிறைவாசம் தொடர்ந்தது.

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பெற்று வார்தாவில் அமைந்தது. அதன் செயலாளர் குமரப்பா. செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியவற்றைப்பற்றி அங்கே செய்முறை ஆய்வுகள் நடந்தன. 'கிராம உத்யோக் பத்திரிகா' என்ற இதழை அவரே நடத்தினார். பனையைப்பற்றி அவர் கூறியது நம் தென்பாண்டி மக்களுக்கு எளிதில் விளங்கும். பனை வளர்வது தரிசு நிலத்தில்; கரும்பு கேட்பதோ நீர்வளமுள்ள நல்ல நிலம். வெல்லத்தைப் பனையிலிருந்து பெற்றால் அந்நல்ல நிலம் உணவுப் பயிருக்கு விடப்படும். இலாபத்தை மட்டும் நோக்குபவன் ஆலைக் கரும்பை நாடுவான்; பசித்தவனை நோக்குபவன் பனையை நாடுவான்.

1942ஆம் ஆண்டு இயக்கத்தையடுத்து ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் இரு நூல்களை எழுதினார்: ஒன்று 'நிலைத்த பொருளாதாரம்', மற்றது 'இயேசுவின் வாழ்வும் போதனையும்' என நாம் தமிழிற் கூறத்தக்கது. இரண்டும் 1945இல் வெளிவந்தன. இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை அளித்தார். கிராமத் தொழிலின் டாக்டர் என்றும் தெய்வீக நூற் டாக்டர் என்றும் அவருக்கு இரு பட்டங்களையும் அன்போடு சூட்டினார். இரண்டாவது பட்டம் எந்த இறையியற் கல்லூரியும் அளித்ததன்று. இவ்விரு நூல்களையும் தனித்தனியே படிப்பவர்கள் இரண்டையும் இழக்கின்றனர் என்பது நம் கருத்து. ஒரே சிறையில், ஒரே மனிதர், படைப்பைப்பற்றியும் படைத்தவரின் குமாரனைப்பற்றியும் எழுதியவை அவை.

இயற்கையில் ஐவகைப் பொருளாதாரம் உண்டு என்கிறார் அவர். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தோப்பை நட்டதும் நீர் பாய்ச்சியதும் தான் அல்லாதிருந்தும் கனியைப் பறித்துண்ணும் குரங்கு இரண்டாவது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாவது. தனக்கென்றில்லாது கூட்டத்திற்கென்று தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. மனித சமுதாயம் முதலாவதிலிருந்து ஐந்தாவதை நோக்கி வளர்தல் வேண்டும். இதனை வெறும் உவமை எனத் தள்ளும் பொருளியலார் உண்டு. ஆனால் ஆசிரியர் தணிக்கையாளர் என்பதை மறத்தலாகாது. ஒவ்வொரு வகையிலும் உழைப்பவன் யார், நுகர்பவன் யார் என்று அவர் கணக்குப் பார்க்கிறார்.

இதனினும் ஆழமானது, தேக்கப் பொருளாதாரம், ஓட்டப் பொருளாதாரம் என்று அவர் செய்த பாகுபாடு. நிலக்கரி, எண்ணெய், தாதுப்பொருள் ஆகியன அளவுபட்ட இருப்பு. எடுக்க எடுக்கக் குறைவன. ஆற்றுநீரும் காட்டுமரமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவன. இருப்பின்மீது கட்டப்பட்ட வாழ்வு, இருப்புக் குறையுந்தோறும் பிறருடையதை நாடும். ஆகவே போர் அதன் உள்ளேயே அடங்கியுள்ளது என்றார். இஃது எழுதப்பட்டது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. 1973இல் 'சிறியதே அழகு' என்னும் நூலை வெளியிட்ட சூமேக்கர் குமரப்பாவை எடுத்தாண்டதும், இன்று காலநிலை மாற்றத்தைப்பற்றிப் பேசுவோர் அவரிடம் திரும்பி வருவதும் வியப்பன்று.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆலங்குளத்தில் 1970இல் அரசுத் துறையில் தொடங்கப்பெற்ற சிமெண்டு ஆலைக்கு ஆதாரம் அங்குள்ள சுண்ணாம்புக்கல். பூமியின் வயிற்றில் பல்லூழிக்காலம் சேர்ந்த அக்கல், வெட்டியெடுத்தபின் மீண்டும் விளையாது. சற்றே அப்பால் திருவில்லிபுத்தூரின் பால்கோவாவிற்கு ஆதாரமோ நாள்தோறும் கறக்கும் பால். முன்னது தேக்கம், பின்னது ஓட்டம். அதனால் சிமெண்டு பாவம், பால்கோவா புண்ணியம் என்று முடிவுகட்டுவது சிறுபிள்ளைத்தனம். ஓலைக்குடிசையில் மழைக்கு நனைந்தவன் காரைக் கூரையின் அருமையை அறிவான். (நம் ஆலயக் கோபுரங்கள் எதனால் உயர்ந்தன என்பதையும் நினைவுகூர்வோமாக.) கேள்வி இதுவே: எடுக்கப்பட்ட கல்லை வருமானம் என்று எழுதுவதா, முதலினின்று கரைந்தது என்று எழுதுவதா? வீட்டை விற்றுச் சாப்பிடுபவன் அதனைச் சம்பளம் என்று கணக்கெழுதினால் எந்தத் தணிக்கையாளரும் ஒப்பமிடார். நாடுகள் அவ்வாறே எழுதுகின்றன. வனாந்தரத்தில் மன்னாவை மிகுதியாகச் சேர்த்துவைத்தவர்க்கு நேர்ந்ததையும் (யாத். 16), ஐம்பதாம் ஆண்டில் நிலம் உரியவனிடம் மீளவேண்டும் என்ற சட்டத்தையும் (லேவி. 25) இக்கண்கொண்டு படித்தால் பழைய ஏற்பாட்டு வகுப்பு வேறுவிதமாக அமையும்.

இனி, குமரப்பாவை இடதுசாரி எனலாமோ என்ற வினா. அவர் மார்க்சியர் அல்லர். உற்பத்தியை ஒருமுகப்படுத்தும் முறை, உரிமையாளர் முதலாளியாயினும் அரசாயினும், வன்முறையிலேயே முடியும் என்று கருதினார். 1938இல் அமைந்த தேசியத் திட்டக்குழுவில் இடம்பெற்றும் விரைவில் விலகினார். ஆயினும் நிலவுடைமை பற்றிய அவர் கருத்து அக்காலத்துப் பலரை நடுங்கச் செய்தது. அவர் தலைமையில் அமைந்த காங்கிரசு நிலச் சீர்திருத்தக் குழு 1949இல் அறிக்கை அளித்தது. இடைத்தரகர் ஒழிக்கப்படல் வேண்டும், நிலம் உழுபவனுக்கு உரியதாதல் வேண்டும், உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும், சிறு துண்டு நிலத்தார் கூட்டுறவாய் உழுதல் வேண்டும் என்பன அதன் சாரம். தமிழ்நாட்டில் உச்சவரம்புச் சட்டம் வர 1961 ஆயிற்று. அப்போது வைத்த 30 தர ஏக்கர் 1970இல் 15ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குள் நிலம் எத்துணைப் பெயர்களிற் பிரித்தெழுதப்பட்டது என்பதைச் சிற்றூர்க் கணக்குப்பிள்ளைகள் அறிவர்.

1951இல் நல்லெண்ணக் குழுவுடன் சீனா சென்று, அங்கு உழவர்க்கு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்டதைப் புகழ்ந்து எழுதினார். பின்னர் சோவியத்து நாட்டிற்கும் சென்றார். காந்தியர் கம்யூனிஸ்டாகிவிட்டார் என்ற பழி எழுந்தது. அப்பழி தவறு, ஆனால் சீனாவைப்பற்றிய அவர் தீர்ப்பு அவசரமானது என்றே நாம் கருதுகிறோம். விருந்தினராய்ச் சென்றவர்க்குக் காட்டப்படுவன காட்டப்பட்டன. பகிர்ந்த நிலம் சில ஆண்டுகளிற் பெருங்கம்யூன்களாகத் திரட்டப்பட்டதையும் அதனைத் தொடர்ந்த 1959-61 பஞ்சத்தையும் அன்றைய பயணி அறிந்திருக்க இயலாது. எனினும் மாத்தரில் ஒவ்வொரு வீட்டுக் கணக்கையும் கேட்டறிந்தவர் அங்கே அதே கண்டிப்பைக் காட்டியிருக்கலாம்.

இதனினும் கடினமான மறுப்பு ஒன்றுண்டு. அதனை நம் மாணவர்கள் எழுப்பாமலிரார். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்னும் கருத்தைக் கடுமையாக உரைத்தார். குமரப்பாவின் கிராமத்தில் செக்காட்டுபவர் யார்? தோல் பதனிடுபவர் யார்? அத்தொழில் பிறப்பால் விதிக்கப்பட்டதாயின், தாய்ப்பறவையின் சேவை என்று அதனைப் போற்றுவது அநீதிக்கு மாலையிடுவதாகாதோ? குமரப்பா தீண்டாமையை ஏற்றவர் அல்லர். ஆனால் வரியையும் எந்திரத்தையும் ஆராய்ந்த கூர்மையுடன் அவர் சாதியை ஆராயவில்லை. 1980களில் தலித் இறையியல் எழுந்தபோது அதன் ஆசிரியர்கள் இவரைத் தம் முன்னோடியாகக் கொள்ளாமைக்கு இதுவே காரணம் போலும். இக்குறையைக் கூறாது அவரைப் போற்றுவது அவர்க்கே இழுக்கு.

அவ்வாறே, எந்திரத்தை அவர் அறவே வெறுத்தார் என்பதும் பொருந்தாது. டிராக்டர் சாணமிடுமா என்று அவர் கேட்டதாக வழங்கும் நகைச்சொல்லை மட்டும் நினைவிற் கொள்வோர், அதன் பின்னுள்ள கணக்கை விட்டுவிடுகின்றனர்: மாடு உழுகிறது, எரு தருகிறது, கன்று ஈனுகிறது, டிராக்டரோ எண்ணெய்க்கும் உதிரிப்பாகத்திற்கும் உழவனைக் கடனாளியாக்குகிறது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறியாளரிடம் அவர் கேட்டிருக்கக்கூடியது, தறி மின்சாரத்தால் ஓடுகிறதா என்பதன்று, தறி யாருடையது, நூலின் விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதே. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலைப்பற்றியும் அவ்வாறே. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாள்களில் அடக்க ஆராதனை நடத்தும் போதகர், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் கூறுவதோடு, கூலியைப்பற்றிய யாக்கோபின் ஐந்தாம் அதிகாரத்தையும் திறப்பதா வேண்டாவா என்பதைத் தாமே முடிவுசெய்தாக வேண்டும். ஆலை உடையவரும் அதே சபையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.

கல்லுப்பட்டிக் குடிலில் குமரப்பா இரு படங்களைக் காட்டுவதுண்டு என்பர். காந்தியடிகளின் படத்தைத் தம் தலைவர் என்றும், ஓர் ஏழைக் கிராமத்தானின் படத்தைத் தம் தலைவரின் தலைவர் என்றும் அறிமுகம் செய்வாராம். மணம் புரியாது, உடைமை சேர்க்காது, உடல் நலிவோடு வாழ்ந்த அவர் 1960 ஜனவரி 30இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னை அரசு மருத்துவமனையிற் காலமானார்.