தழைச்சத்து வரும் வழியும் போகும் வழியும்

கடமலைக்குண்டு வட்டாரத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்காக நாம் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். யூரியாவில் இருப்பதும் அதுதான் என்றால், அதற்கு நாங்கள் ஏன் கடன் வாங்க வேண்டும்?" கேள்வி நியாயமானதே.

காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்து கிடக்கிறது. அப்பிணைப்பை எந்தப் பயிரும் தானாக அவிழ்க்க இயலாது. தொழிற்சாலையில் அதை அவிழ்ப்பதற்கு 400 பாகை வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். 1913-இல் ஜெர்மனியில் தொடங்கிய இம்முறையில்தான் இன்றும் உரம் பிறக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ.

இதே வேலையை அடுப்புமின்றி அழுத்தமுமின்றி நம் மானாவாரி மொச்சை செய்கிறது. செய்வது மொச்சையன்று, அதன் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர். பூக்கும் தருணத்தில் ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தோண்டி எடுத்து, வேர் முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான பொருளே அது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. 1880-களில் ஹெல்ரீகல் என்ற ஜெர்மானியர் இவ்வுண்மையை நிலைநாட்டினார். நாமும் கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகவே படித்தோம். முடிச்சைக் கீறிப் பார்த்தது இவ்வட்டாரத்திற்கு வந்த பிறகுதான்.

உதிர்ந்த இலையும் செத்த வேரும் சாணமும் மண்ணில் மட்கும்போது, வேறு நுண்ணுயிர்கள் அவற்றை முதலில் அம்மோனியாவாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் பெரும்பாலும் நைட்ரேட்டையே உறிஞ்சுகிறது. ஆனால் நைட்ரேட் நீரில் கரைந்து ஓடிவிடும். மணற்பாங்கான நிலத்தில் அது வேருக்குக் கீழே இறங்கிக் கிணற்று நீரையும் கெடுக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் இன்னொரு வகை நுண்ணுயிர் அதைப் பிரித்துக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். அம்மோனியா நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்தவே 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறார்கள்.

நெசவாளர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தறியில் ஓடும் பருத்தி நூலில் தழைச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பருத்திச் செடி உண்டதில் பெரும்பகுதி விதைக்குப் போகிறது. பருத்திக்கொட்டையைத் தின்ற மாடு பாலாகவும் சாணமாகவும் மூத்திரமாகவும் அதைத் தருகிறது.

மாடு என்றதும் மலைமாட்டைச் சொல்லாமலிருக்க முடியாது. பகலில் மலையில் மேய்ந்த மந்தையை இரவில் வயலில் கிடை போடுவது நம் மாவட்டத்து வழக்கம். காட்டுத் தழையின் சத்து இவ்வாறு மாட்டின் காலாலேயே நடந்து வயலுக்கு வந்தது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. 2022-இல் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வைகையின் ஊற்றுக்கண்ணைக் காப்பது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கணக்குப் பார்ப்பவர் என்ற முறையில், வயலுக்கு வந்துகொண்டிருந்த வரவு ஒன்று குறைந்ததையும் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் குறையை மூட்டையால் மட்டும் ஈடுசெய்யப் புறப்பட்டால் கடன்தான் வளரும். மொச்சையை மட்டும் நம்பினாலும் போதாது. காயை விற்றுக் கொடியையும் நிலத்திலிருந்து அகற்றிவிட்டால், மண்ணில் தங்குவது சொற்பமே. கொடியை மாட்டுக்குப் போட்டு, அந்த எருவை அதே நிலத்தில் இடவேண்டும். தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே, அது தழைச்சத்து காற்றோடு ஓடும் வாடை. மூத்திரம் விழும் இடத்தில் மண்ணோ கூளமோ பரப்பினால் பெரும்பகுதி நிற்கும்.

மொச்சைக்கு யூரியாவை அள்ளி இடுவது வீண். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் வேரில் முடிச்சுக் கட்டுவது குறையும். அதற்குப் பதிலாக ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, தாமதமின்றி விதைக்கலாம். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் மடிந்துவிடும். பொட்டலத்தின் மேலுள்ள காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்குக.